வாசகர் கேள்வி, நம்ம பதில்: காமலாபுரத்து பிளேன் இந்த தடவயாவது நிக்காம ஓடுமா?

போன மாசம் காமலாபுரத்துல இருக்கற நம்ம சேலம் ஏர்போர்ட் பத்தி ரெண்டே வரி எழுதுனேங்க, அதுக்கே இவ்ளோ கடுதாசி வரும்னு நினைக்கல. செவ்வாப்பேட்டைல இருந்து, ஆத்தூர்ல இருந்து, ஏற்காட்டுல இருந்து, ரன்வேக்கு பக்கத்துல காடு வச்சிருக்கறவங்ககிட்ட இருந்துன்னு வந்துகிட்டே இருக்கு. அதனால இந்த தடவ மத்த கேள்வி எல்லாத்தையும் ஒதுக்கி வச்சிட்டு இதுக்கே மொத்த பக்கத்தயும் குடுத்துட்டேன்.

எங்க தாத்தா "அது மூணு தடவ செத்துப் பொழச்ச ஏர்போர்ட்டுடா"ங்கறாரு. நெசமா? (கல்லூரி மாணவர், ஓமலூர்)

தாத்தா கணக்கு கரெக்ட் தம்பி. மூணு தடவ நின்னு போய் இப்ப நாலாவது தடவயா ஓடிட்டிருக்கு.

1993 ஏப்ரல்ல தொறந்தாங்க. என்இபிசி ஏர்லைன்ஸ்னு சென்னைல ஒரு கம்பெனி, அவங்கதான் மொதல்ல வந்தாங்க, ஆனா பிளேன்ல ஏற ஆளு பத்தலன்னு கொஞ்ச நாள்லயே நிறுத்திட்டாங்க. அந்த காலத்துல சேலத்துல ஒரு வியாபாரி சென்னை போகணும்னா ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல ஏறி படுத்தா காலைல சென்னைதான், அத விட்டுட்டு அவ்ளோ காசு குடுத்து எதுக்கு பிளேன்ல போகணும்னு எல்லாரும் யோசிச்சாங்க, அதுல தப்பு சொல்ல முடியாது. அதுக்கப்புறம் பதினாறு வருஷம் டிக்கெட் போட்டு ஏறற மாதிரி பிளேன் ஒண்ணுகூட இல்ல. 2009 நவம்பர்ல கிங்ஃபிஷர் வந்துச்சு, சேலம் சென்னை. ஊரே பேசுச்சு, நானும் பேசுனேன், ஆனா 2011ல அதுவும் நின்னு போச்சு. அப்புறம் 2018 மார்ச் 25ஆம் தேதி ட்ரூஜெட் வந்துச்சு, சின்ன ஊருக்கும் கொறஞ்ச டிக்கெட்ல பிளேன் விட மத்திய அரசு போட்ட உடான் திட்டத்துல, அப்ப முதலமைச்சரா இருந்த எடப்பாடி பழனிசாமி நம்ம மாவட்டத்துக்காரருங்கறதால விழா பெருசாவே நடந்துச்சு. மூணு வருஷம் ஓடுச்சு, நடுவுல கொரோனா வந்து எல்லாத்தயும் கொழப்புச்சு, 2021ல அதுவும் போச்சு. கடைசியா 2023 அக்டோபர்ல ஒரே மாசத்துல ரெண்டு கம்பெனி வந்தாங்க. அலையன்ஸ் ஏர் பெங்களூரு சேலம் கொச்சின்னு ஆரம்பிச்சாங்க, இண்டிகோ பெங்களூரு, ஹைதராபாத், சென்னைன்னு ஆரம்பிச்சாங்க.

இதுல ஒரு விஷயத்த யாரும் சேத்து வச்சு சொல்றதே இல்லன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு வருத்தம். என்இபிசி 1997ல பறக்கறதயே நிறுத்திட்டாங்க. கிங்ஃபிஷர் 2012ல மொத்தமா தரை இறங்குச்சு. ட்ரூஜெட்டும் 2022ல நின்னு போச்சு. அதாவது சேலத்துக்கு வந்த மூணு கம்பெனியும் நாடு முழுக்கவே பறக்க முடியாம போனவங்க. "சேலத்துக்காரன் பிளேன்ல ஏற மாட்டான்"னு ஒரு பேச்சு முப்பது வருஷமா ஓடுதே, அதுல பாதிதான் நியாயம். ஆளு கம்மியா இருந்தது உண்மைதான், மறுக்கல. ஆனா கடன்ல மூழ்குன கம்பெனி மொதல்ல வெட்டறது சின்ன ஊரு ரூட்டத்தான், அது எந்த சின்ன ஊரா இருந்தாலும். அந்த வெட்டு நம்ம மேல மூணு தடவ விழுந்துச்சு.

வெள்ளிக் கொலுசு வியாபாரம் பண்றோம். மும்பை, டெல்லிக்கு நேரடியா பிளேன் விட்டா எங்களுக்கு எவ்ளோ நல்லாருக்கும்? ஏன் பெரிய பிளேன் எறங்க மாட்டேங்குது? (செவ்வாப்பேட்டை வாசகர்)

எல்லாம் ரன்வே நீளந்தாங்க. நம்ம ரன்வே 1,806 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். இப்ப வந்துட்டு போறது ஏடிஆர் 72ன்னு ஃபிரான்ஸ்ல தயாராகற ரெக்கை மேல காத்தாடி வச்ச பிளேன், எழுவதுல இருந்து எழுவத்தெட்டு பேரு வரைக்கும் உக்காரலாம். முழு லோடு ஏத்துனாலும் சுமார் 1,300 மீட்டர் இருந்தா கிளம்பிடும், அதனால நம்ம ரன்வே அதுக்கு தாராளம். ஆனா நீங்க டிவில பாக்கற ஏர்பஸ் 320, போயிங் 737 மாதிரி ஜெட்டுக்கெல்லாம் ஆள நெரப்பி எண்ணெய நெரப்பி கிளம்பணும்னா ரெண்டாயிரம் மீட்டருக்கு மேல வேணும், அகலமும் 45 மீட்டர் கேப்பாங்க. அதுவும் சித்திர வெயில்ல காத்து லேசாயிடும், ரெக்கை பிளேன மேல தூக்கற சக்தி கொறையும், இன்னும் அதிகமா ஓடுனாத்தான் எழும்பும். சேலத்து வெயிலப் பத்தி உங்களுக்கு நான் சொல்லவா வேணும்.

ஏடிஆர்ல டெல்லி போக முடியாதான்னா, மணிக்கு ஐநூறு கிலோமீட்டர் பக்கம் போற பிளேன்ல அவ்ளோ தூரம் போறது யாருக்கும் கட்டுபடியாகாதுங்க. அது ஒரு மணி நேரம், ஒன்ற மணி நேர பயணத்துக்குன்னே செஞ்சது. அதனால இப்போதைக்கு உங்களுக்கு வழி, ஹைதராபாத்லயோ பெங்களூருலயோ எறங்கி மாறிப் போறதுதான். அப்படி மாறும்போது ரெண்டு டிக்கெட்டயும் ஒரே புக்கிங்ல போடுங்க, தனித்தனியா போட்டுட்டு மொத பிளேன் லேட்டாச்சுன்னா ரெண்டாவது டிக்கெட் காசு போச்சுன்னு அர்த்தம். எனக்கே இப்படி ஒரு தடவ ஆச்சு, கிளம்பற அன்னிக்கு காலைல பிளேன் கேன்சல்னு ஃபோனுக்கு மெசேஜ் மட்டும் வந்துச்சு, டாக்ஸி புடிச்சு பெங்களூருக்கு ஓடுனேன், அங்க போய் சேரறதுக்குள்ள அடுத்த பிளேன் கிளம்பிடுச்சு. நாள் பூரா சாப்பிடாம அங்கயே உக்காந்திருந்தேன்.

ரன்வேல 04, 22ன்னு நம்பர் எழுதி இருக்குமாமே, அது என்ன நம்பர்? (எட்டாம் வகுப்பு மாணவி, ஆத்தூர்)

ரொம்ப நல்ல கேள்வி பாப்பா. திசைகாட்டில வடக்கு 0 டிகிரி, அங்க இருந்து வலது பக்கமா சுத்திகிட்டே வந்தா கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. நம்ம ரன்வே ஒரு பக்கம் 40 டிகிரி, அதாவது வடகிழக்க பாத்து இருக்கு, கடைசி சைபர எடுத்துட்டு 04. எதிர்ப் பக்கம் தென்மேற்கு, 220 டிகிரி, அது 22. ரெண்டுக்கும் எப்பவும் 18 வித்தியாசம் வரும், எந்த ஊரு ரன்வேய வேணா கழிச்சுப் பாரு. பிளேன் காத்த எதுத்துதான் ஏறும், எதுத்துதான் எறங்கும், பட்டம் விடற மாதிரிதான் அதுவும். அதனால ஆடி மாசம் தென்மேற்கு காத்து அடிக்கறப்போ பைலட் 22 பக்கத்த எடுப்பாரு.

இன்னொண்ணும் சொல்றேன், எழுதி வச்சுக்கோ. டிக்கெட்ல சேலத்துக்கு எஸ்எக்ஸ்வின்னு இருக்கும். பைலட்டுங்க பயன்படுத்தற கோடு வேற, விஓஎஸ்எம். அதுல விஓன்னு ஆரம்பிச்சாலே தென்னிந்தியான்னு அர்த்தம்.

ஏற்காட்டுல ஹோம்ஸ்டே நடத்தறோம். ஏர்போர்ட்டுல எறங்கறவங்க எவ்ளோ நேரத்துல மேல வரலாம்? மழைக்காலத்துல பிளேன் வராதுன்னு ஒரு கெஸ்ட் சொன்னாரு, உண்மையா? (ஏற்காடு வாசகி)

மேப்ல பாத்தா ஏர்போர்ட்டுக்கு நேர் கிழக்கதான் சேர்வராயன் மலை, காக்கா பறக்கற தூரம் பதினஞ்சு கிலோமீட்டர்தான் இருக்கும். ஆனா கார் அப்படி போக முடியாதேக்கா. காமலாபுரத்துல இருந்து ஓமலூர், கருப்பூர் வழியா சேலத்துக்கு வந்து, அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம், அங்க இருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. ஒன்ற மணி நேரம்னு வச்சுக்கோங்க, மே மாசம் கோடை விழா சமயம்னா அடிவாரத்துல வண்டி நிக்கறத பொறுத்து ரெண்டு மணிக்கு மேலயும் போகும். காரு ஏற்பாடு நீங்களே பண்ணி அனுப்பிடுங்க, எறங்குன எடத்துல வரிசையா டாக்ஸி நிக்கும்னு நினைச்சுட்டு வர்றவங்க வெயில்ல நிப்பாங்க.

மழை விஷயத்துல உங்க கெஸ்ட் சொன்னதுல உண்மை இருக்கு. பெரிய ஏர்போர்ட்ல ஐஎல்எஸ்னு ஒரு ஏற்பாடு இருக்கும், ரன்வே ஓரத்துல இருக்கற ஆண்டெனா அனுப்பற ரேடியோ அலைய புடிச்சுகிட்டு மேகத்துக்குள்ள இருந்தே பைலட் கரெக்டா எறங்கிடலாம். சின்ன ஏர்போர்ட்டுல அந்த வசதி இல்லாத எடத்துல பைலட் ரன்வேய கண்ணால பாக்கணும், கண்ணால பாத்து ஓட்டற விதிப்படி அஞ்சு கிலோமீட்டர் தூரத்துக்கு பார்வை தெளிவா இருக்கணும். ஐப்பசி கார்த்திகைல காலைல பனிமூட்டமும் மேகமும் மலைய புடிச்சுகிட்டு கெடக்கும், பக்கத்துலயே ஆயிரத்து அறுநூறு மீட்டர் உயர மலை, அதனால ரிஸ்க் எடுக்க மாட்டாங்க, எடுக்கவும் கூடாது. அந்த ரெண்டு மாசம் வர்ற கெஸ்ட்டுக்கு, ரிட்டர்ன் பிளேன் கிளம்பற அன்னிக்கு வேற ஒரு அவசர வேலையும் வச்சுக்காதீங்கன்னு நீங்களே சொல்லிடறது நல்லது.

உடான்ல 2,500 ரூபாய்தான்னு சொன்னாங்க. எம் பையன் ஹைதராபாத்ல இருந்து வர ரெண்டு மடங்குக்கு மேல காட்டுது. ஏமாத்தறாங்களா? (தாரமங்கலம் வாசகர்)

ஏமாத்து இல்லீங்க, ஆனா சொன்னவங்க முழுசா சொல்லல. 2016ல அந்த திட்டத்த அறிவிச்சாங்க, 2017 ஏப்ரல்ல சிம்லா டெல்லி பிளேன்தான் மொதல்ல போச்சு. சுமார் ஒரு மணி நேர பயணத்துக்கு 2,500 ரூபாய்னு ஒரு உச்சவரம்பு வச்சாங்க, அது மொத்த சீட்டுக்கும் இல்ல, பாதி சீட்டுக்குத்தான். அந்த வரம்பயும் வெலவாசிக்கு தகுந்த மாதிரி ஏத்திகிட்டே வராங்க. மீதி பாதி சீட்டு கம்பெனி இஷ்டம், தீபாவளி பொங்கல்னா அவங்க வைக்கறதுதான் ரேட்டு. கொறஞ்ச ரேட்டுல விக்கற பாதி சீட்டுக்கு வர்ற நஷ்டத்துக்கு அரசாங்கம் காசு குடுக்குது, அதுல பெரும்பகுதி பெரிய ரூட்டுல போற பிளேன் மேல போடற வரில இருந்து வருது, மாநில அரசு பங்கு நூத்துக்கு இருபது. அதோட பிளேன் எண்ணெய்க்கு வரிய ஒரு சதவீதமா கொறைக்கணும், போலீஸ் பாதுகாப்பும் தீயணைப்பும் மாநிலம் இலவசமா தரணும், எறங்கறதுக்கும் நிறுத்தறதுக்கும் வாடகை கெடயாது. இவ்ளோ சலுகை.

ஆனா இந்த காசு மூணு வருஷத்துக்குத்தான். ட்ரூஜெட் வந்தது 2018, போனது 2021, கணக்கு பண்ணிக்கோங்க. 2023ல உடான்ல வந்த ரூட்டுக்கெல்லாம் அதே மூணு வருஷக் கணக்குதான். அது முடியறதுக்குள்ள ஒரு ரூட்டு சொந்தக் கால்ல நிக்கணும், இல்லன்னா மறுபடியும் 2021தான். எனக்கு இருக்கற கவலை பூரா இதுதாங்க. பையன ஒரு மாசம் முன்னாடியே டிக்கெட் போடச் சொல்லுங்க, கொறஞ்ச சீட்டு மொதல்ல தீந்துடும்.

மாம்பழம் கொண்டு போலாமா? (அயோத்தியாப்பட்டணம் வாசகி)

தாராளமா போலாம்மா. அனுப்பற பெட்டில பதினஞ்சு கிலோ, கைல ஏழு கிலோங்கறது பொதுவா இருக்கற கணக்கு. மல்கோவாவ நல்லா பழுத்ததா எடுக்காதீங்க, செங்காயா வாங்கி வைக்கோல் போட்டு அட்டப்பெட்டில கட்டி பெட்டில போட்டுருங்க. ஊறுகாய் எண்ணெயோட இருக்கறத கைப்பைல வச்சா செக்கிங்ல புடுங்கி வச்சுக்குவாங்க.

ஏர்போர்ட்ட பெருசாக்கறோம்னு எங்க காட்ட அளக்க வந்தாங்க. ஊரு முன்னேறணும்னு எல்லாரும் எழுதறீங்க, எங்களப் பத்தி யாரும் எழுதறதில்ல. (பொட்டியபுரம் விவசாயி)

அண்ணே, உங்க கடுதாசியதான் மொதல்ல படிச்சேன், பதில் எழுத ரொம்ப நேரம் ஆச்சு.

ரன்வேய நீட்டணும்னா இப்ப இருக்கற எடம் பத்தாது. அதுக்காக சிக்கனம்பட்டி, பொட்டியபுரம், தும்பிபாடி, காமலாபுரம்னு நாலு ஊர்ல ஐநூறு ஏக்கருக்கு மேல எடுக்கணும்னு பிளான் போட்டாங்க. 2018ல எட்டு வழிச்சாலைக்கு கல்லு நட்ட அதே சமயத்துலதான் இங்கயும் அளந்தாங்க, நீங்க எல்லாம் மறியல் பண்ணுனது, கிராமசபைல தீர்மானம் போட்டது எல்லாருக்கும் தெரியும். ஏற்கனவே மொத ரன்வே போடறப்போ நெலம் குடுத்த ஊருங்க உங்க ஊருங்க. குடுத்துட்டு, அந்த ரன்வேல பதினாறு வருஷம் பிளேனே வராம புல்லு மொளச்சு கெடந்தத வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்தவங்க. மறுபடியும் வந்து குடுங்கன்னு கேட்டா கோவம் வராம என்ன வரும்.

நான் ஏர்போர்ட் வேணும்ங்கற ஆளுதான், அத மறைக்கல. ஆனா என் மனசுல பட்டத சொல்றேன். இப்ப இருக்கற 1,806 மீட்டர்ல இன்னும் நெறைய செய்யலாம். ஒரு நாளைக்கு இன்னும் எத்தனையோ ஏடிஆர் வந்து போலாம், காலைல ஒண்ணு சாயந்தரம் ஒண்ணுன்னு ஒழுங்கா டைம் வச்சு ஓட்டலாம். பைலட் பயிற்சிக்குன்னு ஏர்போர்ட் அத்தாரிட்டி தேர்ந்தெடுத்த ஊர்ல சேலமும் ஒண்ணு, அதுக்கும் இந்த ரன்வே போதும். இத முழுசா ஓட்டிக் காட்டிட்டு, சீட்டு நெரம்பி வழியுது எடம் பத்தலன்னு ஆன பிறகு நெலத்தப் பத்தி பேசறதுதான் முறை. பேசும்போதும் சந்தை வெலய வச்சு பேசணும், பத்திர ஆபீஸ் வெலய வச்சு இல்ல, கெணத்துக்கும் தென்னைக்கும் தனியா கணக்கு போடணும், வீட்டுக்கு ஒருத்தருக்கு வேலைன்னா அத வாயில சொல்லாம எழுதி குடுக்கணும்.

தூத்துக்குடிய உதாரணமா காட்றாங்க. அங்க 1,350 மீட்டர்தான் ரன்வே இருந்துச்சு, நம்மளவிட சின்னது. அத 3,115 மீட்டரா நீட்டி 2025 ஜூலைல புது டெர்மினலும் தொறந்தாச்சு. உண்மைதான், ஆனா ஒரு ஊர்ல நடந்துச்சுங்கறதுக்காக உங்க ஊர்ல உங்கள கேக்காம நடக்கணும்னு இல்ல. ஓசூர்ல ரெண்டாயிரம் ஏக்கர்ல ஏர்போர்ட் வருதுன்னு 2024 ஜூன்ல சட்டசபைல அறிவிச்சாங்க. அது எழும்புனா தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆளுங்க அங்க போயிடுவாங்க. அதையும் கணக்குல வச்சுட்டுதான் இங்க எத்தன ஏக்கர் வேணும்னு அதிகாரிங்க திரும்ப உக்காந்து எழுதணும். உங்க காட்டு வெள்ளாம இந்த வருஷம் எப்படின்னு அடுத்த கடுதாசில எழுதுங்கண்ணே.

நாப்பது வருஷம் ரயில்வேல வேல பாத்தவன். வந்தே பாரத்ல மூணரை மணி நேரத்துல சென்னை. அப்புறம் எதுக்கு பிளேன்? வீட்டம்மா மட்டும் ஒரு தடவயாவது ஏறணுங்கறா. (சூரமங்கலம் வாசகர்)

ஐயா, சென்னைக்குன்னா உங்க கூட நான் சண்டை போட மாட்டேன். 2023 ஏப்ரல்ல அந்த ரயில் வந்ததுல இருந்தே கணக்கு மாறிடுச்சு. பிளேன் ஒரு மணி நேரம்தான், ஆனா வீட்டுல இருந்து காமலாபுரம் போக முக்கா மணி, ஒரு மணி நேரம் முன்னாடியே உக்காரணும், அங்க எறங்குனா மீனம்பாக்கம், அங்க இருந்து பாரிமுனை போகணும்னா மெட்ரோ. எல்லாம் கூட்டுனா ரயிலும் பிளேனும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

சென்னைல எறங்கி அங்கயே வேல இருக்கறவங்களுக்கு ரயில். நம்ம ஏர்போர்ட் பொழைக்கணும்னா அது ஹைதராபாத், கொச்சி, பெங்களூருனாலதான் பொழைக்கும்னு நான் உறுதியா நம்பறேன். ஹைதராபாத் ரயில்ல ராத்திரி முழுக்க. கொச்சி வழியா வளைகுடாவுக்கு போற நம்ம ஊரு பசங்க எத்தன பேரு. பெங்களூரு ஏர்போர்ட் சிட்டிக்கு அந்தப் பக்கம் தேவனஹள்ளில இருக்கு, இங்க இருந்து கார்ல கிளம்புனா ஓசூர் தாண்டி சில்க்போர்டு, ஹெப்பால்னு டிராஃபிக்லயே உசுரு போயிடும், காமலாபுரத்துல ஏறுனா நேரா அந்த ஏர்போர்ட்டுக்குள்ளயே எறங்கறோம். இதுக்கெல்லாம் ஒரே ஒரு விஷயம் வேணும், டைம் மாத்தாம ஓட்டறது. ஒரு மாசம் காலைல, அடுத்த மாசம் மத்தியானம், அப்புறம் வாரத்துல நாலு நாள்னு ஆச்சுன்னா நம்பி யாரு டிக்கெட் போடுவாங்க. ரயில் மேல ஜனங்களுக்கு இருக்கற நம்பிக்கையே டைம்டேபிள்தாங்கறது உங்களுக்கு தெரியாததா.

அம்மா ஆசைய மட்டும் தள்ளிப் போடாதீங்க. பெங்களூருக்கு ஒரு டிக்கெட் போடுங்க, திரும்பறப்போ உங்க பாஸ்ல ரயில்ல வந்துருங்க. ஏடிஆர்ல ஏர்றது பின்பக்க கதவு வழியா, கதவுலயே படி சேந்து இருக்கும், அஞ்சாறு படிதான், முட்டி வலி இருந்தாலும் மெதுவா ஏறிடலாம். ரெக்கை மேல இருக்கறதால எந்த ஜன்னல்ல உக்காந்தாலும் கீழ தெரியும், ஆனா இடது பக்கமா கேட்டு வாங்குங்க. கிளம்பி வடக்க திரும்புன கொஞ்ச நேரத்துல மேட்டூர் அணைத் தண்ணி மொத்தமா தெரியும், ஆடிப் பெருக்கு சமயம்னா இன்னும் நல்லாருக்கும். அம்மாவ ஜன்னல் பக்கம் உக்கார வைங்க.